பிணைமுறியால் வைத்தியரைப் பிணைக்க முடியுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். லூர்து அன்னை ஆலயத்துப் பூசை முடிந்து பாலையூற்று வீதியில் சனங்கள் கலைந்து கொண்டிருந்த வேளையில் எமது வீட்டுக்கு இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர் தம்பலகாமத்து விவசாயி. எமது தந்தையார் காலந்தொட்டுப் பழகியவர். மற்றவர் அவருடைய மைத்துனர்; இப்பகுதிப் பாடசாலையொன்றில் ஆசிரியர். பெரியவரின் கையில் ஒரு கடதாசி உறை இருந்தது. அதற்குள் இருந்தது அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய பிணைமுறி.

பெரியவரின் மகள் வைத்தியர். நிபுணத்துவப் பயிற்சியின் இறுதிப் படியாக ஓராண்டு பிரித்தானியாவிலே பயில வேண்டியவர். பயிற்சி முடித்துத் திரும்பி வந்து குறித்த காலம் அரச சேவை புரிவேன், தவறினால் குறித்த தொகையைச் செலுத்துவேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் செலுத்தாவிடின் யாம் செலுத்துவோம் என்று பிணையாளர் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பத்துக்குத்தான் மாமனாராகிய ஆசிரியரைக் கேட்டிருந்தார்கள்.

“தம்பி, இவர் கையெழுத்து வைக்கலாமோ? சட்டம் என்ன சொல்லுது?” என்று பெரியவர் கேட்டார்.

சட்டம் சொல்வதைச் சொன்னோம். அது கடினமான காரியமன்று. கடன்காரர் தவறினால் பிணையாளரின் பொறுப்பு எப்போது தொடங்கும், சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கை வைக்கலாமா, காணிக்கு ஆபத்துண்டா என்பவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கினோம். ஆசிரியர் அமைதியாகக் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு இறுதியில் ஒரு கேள்வி கேட்டார். “அதெல்லாம் சரி ஐயா. பிள்ளை திரும்பி வருவாளோ?”

அக் கேள்விக்கு எமது அலுமாரியில் உள்ள சட்டப் புத்தகம் எதிலும் விடையில்லை. இலங்கை அரசாங்கமும் அக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்திலேயே விடை தேடித் தோற்றுக் கொண்டிருக்கிறது என்பதே எமது அபிப்பிராயம்.

இந் நாட்டில் ஒரு பிள்ளை வைத்தியராவதற்கு நடக்கும் வழி எவ்வளவு நீளமானது என்பதை முதலில் நோக்குவோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவிலே சித்தியெய்தி, பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அனுமதி பெறுவோரில் 40 வீதத்தினர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தினர் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதத்தினர் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களிலும் சேர்க்கப்படுகின்றனர். திருகோணமலை அவ் வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்று. 1970களின் தொடக்கத்தில், வைத்தியத் துறைக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டுமென்று வகுத்த தரப்படுத்தலின் வடு இன்னும் எம்மவர் உள்ளத்தில் ஆறவில்லை. ஆயினும் இன்றைய மாவட்ட ஒதுக்கீட்டினால் எமது மாவட்டத்துப் பிள்ளைகள் பயன் பெறுகின்றார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். தம்பலகாமத்துப் பெரியவரின் மகள் அவ்வாறு போனவரே.

அனுமதி கிடைத்தபின் ஐந்தாண்டுப் படிப்பு. இறுதிப் பரீட்சை முடிந்தும் உடனே வேலையில்லை. உள்ளகப் பயிற்சிக்கான நியமனம் வரும்வரை மாதக்கணக்கில் வீட்டிலிருக்க வேண்டும். வைத்தியர் போதாதென்று ஒருபுறம் அமைச்சு அறிக்கை விடுகிறது. மறுபுறம் பட்டம் பெற்றவர்கள் தபாற்காரனை எதிர்பார்த்திருக்கிறார்கள். இந்த விசித்திரத்தை வேறெந்தத் தொழிலில் காண முடியும்? பின்பு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அக் காலத்தில் இரவும் பகலும் ஒன்றே. அதன்பின் இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு. பின்னரே அரச வைத்தியசாலையொன்றில் முதல் நியமனம். நிபுணராக விரும்பினால் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, பல்லாண்டுப் பயிற்சி, இறுதிப் பரீட்சை, வெளிநாட்டுப் பயிற்சி, அதற்குப் பிறகே நிபுணர் என்ற சான்றிதழ். பத்தொன்பது வயதில் உயர்தரம் எழுதிய பிள்ளை நிபுணராகத் தலை நிமிரும்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பெரியவர் சொன்னார்: “தம்பி, இதுக்குள்ள நான் முப்பது போகம் விதைச்சு வெட்டிப்போட்டன்.” அவர் கணக்குப் பிழையன்று. ஆண்டுக்கு இரு போகம்.

அந்த முப்பது போகத்துக்குள் கல்யாணம், பிள்ளைப்பேறு, தாய் தந்தையரின் முதுமை எல்லாம் அடங்கவேண்டும். இன்று வைத்திய பீடங்களிலே பயில்வோரில் பெண்கள் பெருந்தொகையினர். பரீட்சைக்கு வகுத்த அட்டவணையும் இடமாற்றப் பட்டியலும் அவர்களைக் கருதி எழுதப்பட்டவையல்ல.

முதல் நியமனத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஏனெனில் நோய் இங்கேதான் வேர்கொண்டிருக்கிறது.

உள்ளகப் பயிற்சி முடித்தோரைப் பரீட்சைத் திறமையின்படி வரிசைப்படுத்தி, அவ்வரிசையின்படி வெற்றிடங்களைத் தெரிவு செய்ய விடுகிறார்கள். முன்வரிசையிலுள்ளவர் கொழும்பையும் கண்டியையும் அவற்றின் அயலையும் எடுத்துக் கொள்வர். பெரிய வைத்தியசாலை, பக்கத்தில் நல்ல பாடசாலை, மாலையில் தனியார் சிகிச்சை நிலையம், நிபுணத்துவப் பரீட்சைக்குப் படிக்க வகுப்பும் தோழரும், எல்லாம் அங்கே உண்டு. எஞ்சுவது பின்வரிசைக்கு. எஞ்சுவது எது? ஈச்சிலம்பற்று, சம்பூர், குச்சவெளிக்கு அப்பாலுள்ள கரைகள், கோமரங்கடவல. தமிழர் ஊர், முஸ்லிம் ஊர், சிங்களவர் ஊர் என்ற பேதம் இதில் இல்லை. வறிய ஊர் என்ற ஒன்றே இலக்கணம்.

ஆக, நல்ல புள்ளி எடுத்தவருக்குப் பரிசு கொழும்பு. குறைந்த புள்ளி எடுத்தவருக்குத் தண்டனை திருகோணமலைக் கிராமம். கிராமத்தில் சேவை செய்வதைத் தண்டனையாகக் கருதுகிறார்களே என்று இளம் வைத்தியரை நோவதிற் பயனில்லை. அதைத் தண்டனையாக எழுதி வைத்தது அரசாங்கத்தின் பட்டியலே.

பெரியவரின் மகள் கங்கைக்கு அப்பாலுள்ள ஒரு சிறு வைத்தியசாலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தனியொரு வைத்தியராகக் கடமை புரிந்தார். கிண்ணியாப் பாலம் 2009இலும் அப்பாலுள்ள பாலங்கள் 2011இலும் திறக்கப்பட்டபின் அவ் வீதியில் அம்புலன்ஸ் வண்டி பாதையில் ஏறி இறங்கத் தேவையில்லை, அம்மட்டில் நன்மையே. ஆனால் பாலம் நோயாளியை இக்கரைக்குக் கொண்டுவரும். வைத்தியரை அக்கரையில் நிறுத்தி வைக்காது. அவருக்கு அளித்த விடுதியின் கூரை மாரியில் ஒழுகியது. வெளிநோயாளர் வரிசை, விடுதி நோயாளர், இரவிற் பாம்புக்கடி, விடியற்காலைப் பிரசவம், பொலிசார் கொண்டுவரும் சட்ட வைத்தியப் பரிசோதனை, எல்லாம் ஒருவருக்கே. பதிலுக்கு ஒருவர் வந்தாலன்றி லீவு இல்லை. அவர் தமிழர் என்பதால் நோயாளியின் வாய்மொழியை நேரே கேட்டார். அங்கே முன்பிருந்த ஒருவருக்குத் தமிழ் தெரியாது. சிற்றூழியர் ஒருவர் நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் நின்று மொழிபெயர்த்தாராம். வயிற்று நோவை நெஞ்சு நோவென்று மாற்றிச் சொன்னால் யாருக்குப் பழி? அந்த வைத்தியரைக் குறை கூறோம். மொழியறியாத ஊருக்குத் துணையின்றி அவரை அனுப்பியவரையே கேட்கின்றோம்.

இந்த இரண்டாண்டுச் சேவைக்கு நிபுணத்துவத் தெரிவுப் பரீட்சையில் எத்தனை புள்ளி கிடைத்தது? ஒன்றுமில்லை. நூலகத்துக்கு அருகிலிருந்து படித்தவரும், பாம்புக்கடிக்கு எழுந்து ஓடியவரும் ஒரே வினாத்தாளை ஒரே மேசையில் எழுதினர். மூன்றாம் முறையில் அவர் தேறினார். இதை அவருடைய தந்தையார் பெருமையோடு சொன்னார். எமக்குக் கேட்க வெட்கமாயிருந்தது.

இது புதிய வியாதியன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து பின்னர் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன் இதைத் தம் கண்ணாலே கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியம் பயின்ற அவருடைய மாணாக்கர் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போயினர். ஊரிலே தங்கும் வைத்தியர் வேண்டுமாயின் ஊர் மொழியிலேயே கற்பிக்க வேண்டுமென்று துணிந்து, உடற்கூற்று நூல் முதலாகப் பலவற்றைத் தமிழில் ஆக்குவித்து, 1860களிலிருந்து தமிழிலேயே பயிற்றினார். இன்று உயர் வைத்தியத்தைத் தமிழில் நடத்துவோமென்று நாம் வாதிக்க வரவில்லை. வைத்தியரின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பயிற்சி முறையே தீர்மானிக்கிறது என்ற அவருடைய உணர்வை மட்டும் எடுத்துக் கொள்வோம். 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று; 1962இல் பேராதனையில் வைத்திய பீடம் உண்டாகும்வரை அது ஒன்றே. யாழ்ப்பாணத்துக்கு 1978இல் கிடைத்தது. கிழக்குக்கு மட்டக்களப்பில் அதற்கும் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே கிடைத்தது. திருகோணமலை வளாகத்தில் சித்த வைத்தியம் போதிக்கப்படுகிறது; மேலைத்தேய வைத்தியம் இல்லை.

இடைவெளியை நிரப்பியவர்கள் அப்போதிக்கரிமார். பட்டமில்லாவிட்டாலும் பழகிய கையுடையவர்கள். யுத்த ஆண்டுகளில் வடக்குக் கிழக்கின் எத்தனையோ கிராம வைத்தியசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் அவர்களே. அப் பயிற்சியை 1990களில் நிறுத்தினார்கள். தரத்தை உயர்த்துகிறோம் என்றார்கள். அவர்கள் ஓய்வு பெற்றபின் அந்தக் கதிரையில் அமர யார் வருவார் என்று மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை.

வைத்தியரை நாட்டில் நிறுத்தச் சட்டமா இயற்றப்படவில்லை? 1961இல் 70ஆம் இலக்கக் கட்டாய அரசசேவைச் சட்டம் வந்தது. 1974இல் படித்தோர் வெளியேறுவதை ஆராய்ந்த மந்திரிசபைக் குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1979இன் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தை ஒவ்வொரு வேலைநிறுத்தத்தின் போதும் வர்த்தமானியில் ஏற்றுகிறார்கள். பிணைமுறியோ எப்போதும் உண்டு. இத்தனை பூட்டும் போட்ட பின் 2022 யூனில் அதே அரசாங்கம், வெளிநாட்டுச் செலாவணி வேண்டுமென்று, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாமென்று சுற்றறிக்கை விட்டது! ஒரு கையால் பூட்டி மறு கையால் திறந்தால் வீட்டுக்காரன் யாரை நொந்து கொள்வது?

பிணைமுறியின் பலவீனம் இன்னொன்று. அதில் எழுதிய தொகை ரூபாவில். 2022 மார்ச்சில் டொலருக்கு இருநூறாயிருந்த ரூபா மே மாதத்தில் முந்நூற்றறுபதுக்கு விழுந்தது. பவுணிற் சம்பளம் பெறுபவருக்கு அக் கடன் பெருமளவு கரைந்தது. பிணை நின்ற ஆசிரியருக்கோ, ரூபாவிலே சம்பளம் வாங்குவதால், அது கரையவில்லை. போனவரை அது கட்டவில்லை, நின்றவரையே கட்டுகிறது.

சம்பளத்துக்கு வருவோம். 2024இல் இங்கிலாந்தில் முதலாண்டு வைத்தியருக்கு ஆண்டுச் சம்பளம் 36,616 பவுண். அவ்வாண்டின் மாற்று வீதப்படி, வரிக்கு முன், மாதம் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேல். இலங்கையில் 2025இன் உயர்வுக்குப் பின்னரும் வைத்தியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஓர் இலட்சத்தைத் தொடவில்லை. கொடுப்பனவும் மேலதிக நேரமும் சேர்ந்தே குடும்பம் நடக்கிறது. 2023 சனவரியில், மாதம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்தில் தொடங்கி 36 வீதம் வரை ஏறும் வரி வந்தது. 2025 ஏப்பிரலில்தான் அவ்வெல்லை ஒன்றரை இலட்சமாயிற்று. 2022இல் ஓய்வு வயதை அறுபதாக்க முனைந்தபோது நிபுணர்கள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. மருந்தில்லாமையால் 2022 மார்ச் இறுதியில் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியதை உலகமே பார்த்தது. இத்தனையும் ஒரே காலத்தில் வந்து சேர, ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர் சில ஆண்டுகளுக்குள் நாட்டைவிட்டுப் போயினர்.

சம்பளம் கேட்பது பேராசையென்று சொல்பவருக்குச் சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்று நினைவூட்டுவோம். சிங்களப் பரீட்சையில் தேறாமைக்காகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கிலே, அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்காட முடியும் என்று பிரிவி கவுன்சில் 1969இல் தீர்ப்பளித்தது. அரச ஊழியனின் சம்பளம் அரசனின் தருமமன்று, உரிமை.

ஆனால் அரசாங்க வைத்திய அதிகாரிகள் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். 1926இலிருந்து இயங்கும் பலம் வாய்ந்த சங்கம் அது. இடையூறு, கடமைக்கு ஆயத்தமாயிருத்தல், போக்குவரத்து என்பவற்றுக்கென வழங்கும் டி.ஏ.ரி. கொடுப்பனவை 2024 சனவரியில் 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்துவித்தார்கள். பெயரிலே இடையூறு உண்டு. ஆனால் உயர்வு இடத்தைப் பார்த்து வழங்கப்படவில்லை. பதவியைப் பார்த்தே வழங்கப்பட்டது. மாலையில் தனியார் வைத்தியசாலையில் நோயாளர் பார்க்கும் தலைநகர் வைத்தியருக்குள்ள இடையூறும், ஒழுகும் விடுதியில் தனித்திருக்கும் ஈச்சிலம்பற்று வைத்தியருக்குள்ள இடையூறும் ஒன்றா? அந்த உயர்வைக் கண்டு ஏனைய சுகாதார ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வைத்தியரும் ஊழியரும் மாறி மாறி வேலை நிறுத்தும்போது, முப்பது மைல் பஸ் ஏறி வந்து துண்டில்லாமல் திரும்புபவர் யார்? வரிப்பணத்தால் இவர்களைப் படிப்பித்த அதே விவசாயி அல்லவா?

எனவே மொத்தமாகச் சம்பளத்தை உயர்த்துவது மட்டும் எமது கோரிக்கையன்று. அது கொழும்பை இன்னும் கொழுக்க வைக்கும். பணமும் புள்ளியும் இடத்தோடு பிணைக்கப்பட வேண்டும்.

அண்டைத் தமிழகத்தைப் பாருங்கள். அங்கே பட்டமேற்படிப்பு இடங்களில் ஒரு பங்கை அரசாங்கச் சேவையிலுள்ள வைத்தியருக்கென்றே நெடுங்காலம் ஒதுக்கி வந்தனர். மத்திய விதிகளைக் காட்டி அது தடைப்பட்டபோது தமிழ்நாட்டு வைத்திய அதிகாரிகளின் சங்கம் வழக்காடியது. அவ்வாறு ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரமுண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர் கொண்ட அமர்வு 2020 ஆகஸ்ட் 31இல் தீர்த்தது. தொலைதூர, கடினப் பிரதேசத்தில் சேவை செய்த ஒவ்வோராண்டுக்கும் நுழைவுப் பரீட்சைப் புள்ளியில் 10 வீதமாக, 30 வீதம் வரை மேலதிகப் புள்ளி வழங்கும் விதியும் இந்தியாவில் வந்தது. அதனால் அங்கே குறைகளெல்லாம் தீர்ந்தன என்று சொல்லோம். கிராமத்தில் மூன்றாண்டு நின்றவர் நிபுணராகும் ஓட்டத்தில் பின்தங்க மாட்டார், முந்துவார் என்பதே அவ்விதியின் சாரம். எமது முறை நேர் எதிரானது.

பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இவ்விதியைக் கொண்டுவரச் செலவு எவ்வளவு? ஒரு சதமுமில்லை. மனம் ஒன்றே வேண்டும். தரம் கெடும் என்று பேராசிரியர்கள் அஞ்சுவர். தனியே நின்று நூறு பிரசவம் பார்த்தவரால் தரம் கெடுமாயின், அத் தரம் எதனை அளக்கிறது என்று நாம் கேட்கின்றோம். இறுதிப் பரீட்சையின் கடினம் அப்படியே இருக்கட்டும். நுழைவாயிலில் மட்டும் சேவைக்கு மதிப்பளியுங்கள்.

டி.ஏ.ரி. கொடுப்பனவின் இடையூற்றுப் பங்கைத் தனியே பிரித்து, வைத்தியர் நிற்க மறுக்கும் இடங்களுக்கே கூட்டிக் கொடுக்க வேண்டும். வைத்தியசாலைக்குப் புதுக் கட்டிடம் திறந்து கல்வெட்டில் பெயர் பொறிக்குமுன், வைத்தியருக்கு ஒழுகாத விடுதி கட்டவேண்டும். கல்வெட்டு வேண்டுமாயின் விடுதிச் சுவரிலும் பொறிக்கலாம். பட்டம் பெற்றவருக்கு உள்ளகப் பயிற்சி தொடங்கும் திகதி பரீட்சை முடிவோடேயே அறிவிக்கப்பட வேண்டும். வசதி குறைந்த மாவட்டத்துக்கான 5 வீத ஒதுக்கீட்டில் போகும் பிள்ளை சொந்த மாவட்டத்திலேயே முதற் சேவை செய்ய விரும்பினால், பட்டியலின் வரிசையைப் பாராமல் அந்த நியமனத்தை வழங்க வேண்டும். இன்று அப்படி விரும்பினாலும் வழியில்லாமல் திண்டாடுவோரை நாம் அறிவோம்.

காலமும் இதற்கு ஓரளவு சாதகமாகவே திரும்பியிருக்கிறது. பிரித்தானியாவின் கதவு முன்போல் அகலத் திறந்திருக்கவில்லை. 2025இல் அங்கே பத்தாயிரம் பயிற்சி இடங்களுக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பரீட்சைக்கும் விசாவுக்கும் கடன்பட்டுப் போய் இடமின்றி நிற்கும் எமது இளைஞர்கள் உண்டு. திரும்பி வரலாமா என்று யோசிக்கும் அவர்களுக்கு இங்கே காத்திருப்பது பழைய பட்டியலும் பழைய கூரையும் என்றால் அவர்கள் அவுஸ்திரேலியாவைத் தேடுவர்.

அந்த ஞாயிறு மதியம்வரை இவற்றையெல்லாம் பேசிக் கொண்டிருந்தோம். இறுதியில் ஆசிரியர் மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தார். பிணை பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “பிள்ளை, வந்தபிறகு உன்னை எங்க போடுவாங்கள்?” என்று மட்டும் கேட்டார். “தெரியாது மாமா, பட்டியல் வந்தால்தான் தெரியும். திருகோணமலை தந்தால் நிப்பன்” என்று மறுமொழி வந்தது.

ஆசிரியர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டார். சாட்சியாக நாமும் ஒப்பமிட்டோம். ஒரு மணி பஸ்ஸுக்குப் பெரியவர் உறையை மடியிற் செருகிக்கொண்டு கண்டி வீதிக்கு நடந்தார்.